அம்மாக் கதிரை

போன கிழமை கடைக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கட்டுகஸ்தோட்டையில் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமினிக்கேஷன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், விண்ணப்பத்துக்கு ஒட்ட ஒரு படம், அவ்வளவுதான். குழந்தைக்குக் கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. அவள் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். நான் போனில் எடுத்தேன். எடுத்த உடனே படத்தின் மேல் ஒரு கேள்வி வந்து நின்றது: தேவையில்லாததை அழிக்கவா? தேவையில்லாதது எது என்று அது தானாகவே கண்டுபிடித்திருந்தது. அந்தத் தாயின் விரல்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாக்கா, சரியா வரலியா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கு, வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய் நின்றேன். அழுகை வந்தது. இவளாவது, அழுவதாவது என்று என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசியில் விரல்களை அழித்துத்தான் கொடுத்தேன். விண்ணப்பத்தில் தாயின் விரல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏன் அழுதேன் என்று உங்களிடமாவது சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. சுற்றித்தான் வருவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உள்ளறையில் பழைய துணிகளுக்குள் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். அந்த வாசம் மூக்கில் ஏறினால் போதும், எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஏ.எல். எழுதிவிட்டு, பெறுபேறு என்னைக் கைவிட்ட கையோடு கண்டிக்கு வேலைக்கு வந்த காலம் அது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஏறுகிற சந்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ இருந்தது. படம் எடுப்பது முதலாளி. என் வேலைக்குப் பெயர் கிடையாது. வருகிற பெண்களின் நாடியைத் தொட்டு நிமிர்த்த வேண்டும், சேலை மடிப்பை இழுத்துவிட வேண்டும், காதோர முடியை ஒதுக்க வேண்டும். முதலாளி ஆம்பிளை, தொட முடியாது. ஆகவே அவருடைய கை நான்.

வாயும் நான்தான். அவரிடம் இருந்தது மூன்றே சொல்: "சின் டவுன்", "ஸ்டெடி", "ஸ்மைல்". "சின் டவுன்" என்றதும் தோட்டத்துச் சனங்கள் பணிவாகத் தரையைப் பார்ப்பார்கள். "ஸ்மைல்" என்றதும் பல் டொக்டரிடம் வந்த மாதிரி கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நான் போய் அவர்கள் பேச்சிலேயே பேசிச் சரிக்கட்ட வேண்டும். தலையை நிமிர்த்து என்று சொன்னால் யாரும் நிமிர்த்த மாட்டார்கள். "அந்தா, வாசல்ல உங்க மாமியா வர்றாங்க பாருங்க" என்றால் போதும், கழுத்து தானாக எழும்பும். எனக்கு அப்போது இருந்த ஒரே சொத்து இந்த வாய்தான். எந்தப் பெரிய வீட்டுப் பெண்ணும் நான் சொன்ன பக்கம்தான் திரும்ப வேண்டும் என்பதில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

பூச்சி உருண்டை வாசம் வெல்வெட் துணியினுடையது. அரக்குச் சிவப்பில் ஒரு பெரிய வெல்வெட், கட்டில் விரிப்பைப் போல இரண்டு மடங்கு. ஒரு வயதுப் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வரும் குழந்தைகளுக்காக முதலாளி அதை வைத்திருந்தார். குழந்தை தனியாக உட்காராது, விழும், அழும். அதனால் முதலில் தாயை ஒரு முக்காலியில் உட்கார வைப்போம். அவள் தலைக்கு மேலே வெல்வெட்டைப் போட்டு, முகம், தோள், கால் எல்லாம் மூடி நிலம் வரைக்கும் விரித்துவிடுவோம். மேலே, அவள் மடியில், குழந்தையை வைப்போம். அவள் துணிக்குள்ளே இருந்தபடி அதன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் பார்த்தால் குழந்தை ஒரு சிவப்புச் சாய்மனைக் கதிரையில் ராசா மாதிரி கொலுவிருக்கும். தாயின் தலைதான் சாய்மானம், மடிதான் இருக்கை. இதற்கு எங்கள் கடையில் பெயர் அம்மாக் கதிரை. "மரக் கதிரையா, அம்மாக் கதிரையா?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவேன். அநேகமாக எல்லாரும் கேட்டது அம்மாக் கதிரைதான். "நான் எதுக்குங்க படத்தில, புள்ள இருந்தா போதும்" என்பார்கள்.

முகம் தெரியாத ஓர் ஆளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நான் குனிந்து, துணிக்கு மேலே காது இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, அதில் பேசுவேன். துணி பதில் சொல்லும். "புள்ளட காலு தெரியுதா தங்கச்சி?" என்று கேட்கும் ஒரு துணி. "மூச்சு முட்டுது பிள்ளை, கெதியா எடுக்கச் சொல்லுங்கோ" என்னும் இன்னொரு துணி, அது பேராதனைக் கம்பஸில் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்து மனுசி. சிங்களத் தாய்மாருக்கு "ஹெல்லென்ன எபா அம்மே" என்பேன், ஆடாதீங்க என்று அர்த்தம். எந்தப் பாசையிலும் கடைசியில் நான் சொன்னது ஒன்றுதான்: மூச்சை மெதுவா விடுங்க, துணி அசையுது. ஒரு விரல் நுனி வெளியே தெரிந்தாலும் முதலாளி திருப்பி எடுப்பார். அப்படித் தெரியாமல் செருகிவிடுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

ஒரு நாள் மடுல்கெல்ல பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும். கையில் குடை, தோளில் ஒரு பை, இடுப்பில் பெண் குழந்தை. பெயரை நான் கேட்கவில்லை. பரமேஸ்வரி என்பது இப்போதுதான் தெரியும். அம்மாக் கதிரை என்றால் என்ன என்று விளக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் கதிரையா இருக்கணுமா? நல்லாருக்கே. வீட்லயும் அந்த வேலதாங்க பாக்குறேன்."

மூடினோம். குழந்தையை வைத்தோம். அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, இதோ அழப்போகிறேன் என்று எல்லாரையும் மிரட்டியது. முதலாளி கமராவுக்குப் பின்னால் போய், பழக்க தோசத்தில், "ஸ்மைல்!" என்றார்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "நான் சிரிச்சா யாருக்குங்க தெரியப் போவுது?"

முதலாளி திகைத்துப் போனார். நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்: "சிரிங்கக்கா. புள்ளைக்குத் தெரியும்."

அவ்வளவுதான். அவள் சிரித்தாள். அடக்கி அடக்கிச் சிரித்ததில் வெல்வெட் முழுக்கக் குலுங்கியது. மடி குலுங்கியதும் குழந்தை ஒரு கணம் யோசித்தது. பிறகு இரண்டு பல்லையும் காட்டி அதுவும் சிரித்தது. முதலாளி அமுக்கிவிட்டார்.

"துணி ஆடிருச்சு. இன்னொன்னு எடுப்போம்" என்றார்.

அவள் வெளியே வந்தாள். முடியெல்லாம் வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. "வேணாங்க, அதே போதும். நானுந்தானே அதில இருக்கேன்" என்றாள்.

எத்தனையோ துணிகளோடு பேசியிருக்கிறேன், எல்லாம் மறந்து போய்விட்டது. இது மறக்கவில்லை. குரல் நினைவிருக்கிறது, வாயைப் பொத்திய கை நினைவிருக்கிறது, நெற்றியில் ஒட்டிய முடி நினைவிருக்கிறது. முகம் மட்டும் இல்லை. எவ்வளவு முக்கிப் பார்த்தாலும் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது, பிரயோசனம் இல்லாத கோபம்.

கடந்த கார்த்திகையில் பெய்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மடுல்கெல்லைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் ஒரு லயம், வரிசை வீடுகள் மொத்தமும், அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது. சிலரை எடுத்தார்கள். பரமேஸ்வரியை எடுக்க முடியவில்லை. மகள் தர்ஷினி கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை, போர்டிங்கில் இருந்தாள், அதனால் பிழைத்தாள். அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் இருந்தது அம்மா ஒருத்திதான். பாதை திறந்ததும் தர்ஷினி ஓடிப்போய்ப் பார்த்த இடத்தில் வீடும் இல்லை, வீடு இருந்த மேடும் இல்லை.

பாதை திறந்து இரண்டொரு நாளில் அவள் என்னைத் தேடி வந்தாள். கையில் அந்தப் படம். ஒரு வயதில் எடுத்தது என்று பர்சிலேயே வைத்திருந்திருக்கிறாள். பின்பக்கத்தில் எங்கள் ஸ்டூடியோ சீல். சந்துக்குப் போயிருக்கிறாள், மாடியில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். செருப்புக் கடைக்காரர்தான் என் இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, எங்கம்மா படம் ஒண்ணும் இல்லக்கா, பெரியம்மாகிட்டயும் இல்ல. எல்லாம் மண்ணோட போச்சு. போன்ல எடுக்கப் போனா முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்குவாங்க."

ஒரு கடதாசியை விரித்தாள். அம்மாவின் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. கிராம சேவகரிடம் இருந்திருக்கிறது. கொப்பியின் கொப்பி போல. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அடையாள அட்டை அலுவலகத்தில் நல்ல படம் இருக்கும், விண்ணப்பித்திருக்கிறாள், வரும்போது வரும் என்றிருக்கிறார்கள். கருமாதி அதுவரைக்கும் காத்திருக்காது. டவுனில் ஒரு கடையில் கம்பியூட்டரில் அவளுடைய முகத்தை வைத்தே அம்மா முகத்தைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதையும் காட்டினாள்.

"இது யாருன்னே தெரியலக்கா. ரொம்ப அழகா இருக்காங்க. ஆனா எங்கம்மா இல்ல."

பிளேன்டீ ஒன்று ஊற்றிக் கொடுத்தேன், அவள் தொடவில்லை.

"அம்மா எப்பவும் சொல்லுவாங்க, அன்னிக்கு நானுந்தான் படத்தில இருந்தேன்னு. அப்ப ரெண்டு பேரும் சேந்து எடுத்த படம் ஒண்ணு இருந்திருக்கணும். தேடிப் பாருங்கக்கா. கண்ணை மூடினா மூஞ்சி பாதிதான் வருது. நாளைக்கு அதுவும் வராது. எடுத்துப் பொதைக்கவும் ஒண்ணுமில்ல, கும்பிடவும் ஒண்ணுமில்லன்னா நான் எங்கதாங்க்கா போறது?"

எனக்கு அந்த நிமிசமே தெரியும், அந்த இன்னொரு படம் கிடையாது என்று. அவள் கையில் வைத்திருப்பதுதான் அது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "பாப்போம்" என்றேன். பாப்போம் என்பது எவ்வளவு கேவலமான சொல் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரே ஒரு நப்பாசை இருந்தது. சில வேளை துணியை இழுத்து எடுக்கும்போது முதலாளி சும்மா ஒன்று அமுக்குவார், பிளாஷ் வேலை செய்கிறதா என்று பார்க்க. அப்படிப் பரமேஸ்வரி வேர்த்து வெளியே வந்த கணம் ஒரு நெகட்டிவில் விழுந்திருக்கலாம். முதலாளி செத்துப் பல வருசம். ஆற்றங்கரைப் பக்கத்து வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். போனேன்.

"ஆத்துத் தண்ணி அலுமாரிக்குள்ளயே வந்திருச்சு புள்ள. அவர் சாமான் எல்லாம் அந்தா, வெயில்ல போட்டிருக்கேன்" என்றார்.

முற்றத்தில் நெகட்டிவ் கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அங்கேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நகத்தால் கிளப்பினால் படம் பிசுபிசுவென்று விரலோடு வந்தது, கையில் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது. எத்தனை பேருடைய நாடியை நான் இந்தக் கையால் நிமிர்த்தியிருப்பேன். எல்லாரும் அதே கையில் கறுப்புச் சேறாக இருந்தார்கள். போதும் புள்ள என்று அந்த அம்மா சொல்லும் வரைக்கும் பிரித்தேன்.

அடுத்த நாள் தர்ஷினியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "இன்னொரு படம் இல்ல தங்கச்சி. அம்மா சொன்னது இந்தப் படத்தத்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. "இதில நான் மட்டுந்தானேக்கா இருக்கேன்?"

"இது கதிரை இல்ல."

அவள் விரலைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்தேன். இது முழங்கால், இது மற்ற முழங்கால். உன் இடுப்புக்கிட்ட துணி சுருங்கியிருக்குது பார், அது அம்மா கை, இறுக்கிப் பிடிச்சிருக்கு. அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். ஒரு முழு ஆயுசும் அந்தப் படத்தைப் பர்சில் வைத்திருந்தவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"இந்த இடம் மட்டும் கலங்கலா இருக்குதே?"

குழந்தையின் தலைக்கு மேலே, சாய்மானம் இருக்கும் இடம் அது. வெல்வெட் அங்கே தெளிவாக விழவில்லை.

"அது அம்மா சிரிச்சது" என்றேன். துணிக்குள்ளிருந்து வந்த குரல், நான் சொன்ன பதில், மடி குலுங்கியது, எல்லாம் சொன்னேன். அவள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடலாமா? தர்ஷினியின் பெரியம்மா போனிலேயே சத்தம் போட்டாள். "அடியே, ஒன் படத்துக்கு நீயே மால போடுவியா? இருக்கிறது நீ ஒருத்தி!" தர்ஷினி என்னிடம் திரும்பி, கொஞ்சமும் யோசிக்காமல், "அப்ப என்னைய எடுத்திருங்கக்கா. அம்மா மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கி, போனில் குழந்தையைச் சுற்றிக் கோடு போட்டேன். அழிக்கவா என்றது. அழி என்றேன். குழந்தை போனது. போன இடத்தை அது தானாகவே நிரப்பியது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முழங்கால்கள் இல்லை. கை பிடித்த சுருக்கம் இல்லை. அந்தக் கலங்கலை இழுத்துத் தேய்த்து நேராக்கியிருந்தது. கீழே நாலு மரக்கால், பக்கத்தில் கைபிடி. வெறும் கதிரை ஒன்று, கடையில் விற்பதற்கு வைத்த மாதிரி. அந்தக் காலத்தில் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறேன், மெசினே நம்பிவிட்டது.

"வேணாம்" என்றாள் தர்ஷினி. "வேணாங்க்கா, திருப்பிக் கொண்டுவாங்க." திருப்பிக் கொண்டுவந்தேன். அதையாவது திருப்ப முடிந்தது.

கருமாதிக்கு நானும் போனேன். தோட்டத்துக் கோயில் மண்டபம். வீடிழந்த சனங்கள் ஒரு பக்கம் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு முக்காலியில் வைத்திருந்தோம், ஒரு வயதுத் தர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா சொன்னபடி மாலையைப் படத்துக்குப் போடாமல் முன்னால் தரையில் வைத்தார்கள். பூசாரி சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "நெத்தியில பொட்டு வைம்மா" என்றார்.

தர்ஷினி விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றாள். விரல் அங்குமிங்கும் போனது, எங்கும் இறங்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அம்மா நெத்தி எங்கக்கா?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. இப்படித் திரும்பு, அங்கே பார் என்று வாழ்நாள் முழுக்க ஆட்களுக்கு இடம் சொன்னவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. கிட்டப் போய்க் குனிந்தேன். அந்த நாளில் குனிந்த மாதிரியே, அதே பக்கம். நான் பேசினது இந்தக் காதில். அப்படியானால் முகம் இந்தப் பக்கம். கலங்கலுக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் விரலை வைத்தேன்.

"இங்க."

அவள் வைத்தாள். அரக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஒரு மஞ்சள் புள்ளி. அதை வைத்ததும் எல்லாருக்கும் கதிரை மறைந்துபோனது. மூலையில் நின்ற பெரியம்மாதான் முதலில், "ஐயோ பரமே!" என்று வாய்விட்டு அழுதாள்.

ஸ்டூடியோ போய்விட்டது, முதலாளி போய்விட்டார், வெல்வெட் யார் வீட்டில் மக்கியதோ. அந்த மேட்டில் இப்போது சிவப்பு மண் மட்டும்தான், அங்கே எட்டு வீடு இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். அன்றைக்குத் துணிக்குள் பரமேஸ்வரி சிரித்ததைக் கேட்டவர்களில் இன்று மிச்சம் நான் ஒருத்தி. நானும் பார்த்தவள் இல்லை, கேட்டவள்.

இன்று காலை போர்டிங்கிலிருந்து தர்ஷினி வொய்ஸ் அனுப்பியிருந்தாள். இரண்டு தரம் கேட்டேன்.

"அக்கா, சந்தனம் காஞ்சு உதிந்திருச்சுக்கா. கண்ணாடியில அடையாளமும் இல்ல. எங்க வச்சோம்னு தேடித் தேடிப் பாக்குறேன், எனக்குக் கதிரதான் தெரியுது. ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்கக்கா."